திண்டிவனத்துல சஃபாரி உண்டா மாமா?

சென்னையில் இருக்கும் மச்சான் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போன் பண்ணினான்.

"மாமா, ஞாயித்துக்கிழமை அங்க வர்றோம். பாப்பா சஃபாரி போகணும்னு ஒரே அடம். காலையில போய்ட்டு ராத்திரிக்குள்ள வீடு திரும்புற மாதிரி உங்க பக்கம் ஏதாவது இருக்கா?"

உங்க பக்கம்னா திண்டிவனம். ஊர்ப் பேர்லயே வனம் இருக்கே, ஒரு புலியாவது இல்லாமலா போயிடும்னு நினைச்சிட்டான் போல. வடமொழியில திந்திரிணின்னா புளியமரம். புளியமரக் காடா இருந்ததால திந்திரிணிவனம், அதுவே மருவி திண்டிவனம் ஆச்சுன்னு சொல்வாங்க. ஆக, இது புளி இருந்த காடு. புலி இருந்த காடு இல்லை. ஒரு எழுத்துல மச்சான் ஏமாந்துட்டான்.

ஆனா ஊர்ப் பெருமை சும்மா விடுமா? "வாடா மச்சான், வேடந்தாங்கல் இருக்கு, போய்ட்டு வரலாம்"னு சொல்லிட்டேன். அது மே மாசம்.

போனோம். ஏரியில் தண்ணி இருக்க வேண்டிய இடத்துல வெடிச்சுப் போன மண். தண்ணிக்குள்ள நிக்கிற மரங்கள்னு படத்துல பார்த்ததெல்லாம் தரையில நின்னுக்கிட்டிருந்தது. நாலஞ்சு கொக்கு, ரெண்டு மாடு. பாப்பா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "மாமா, பறவைக்கெல்லாம் சம்மர் லீவா?"ன்னு கேட்டா. தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அதை எழுத தனிப் பதிவு போடணும்.

வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பார்த்தா, பாப்பா கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மாசத்துல நாம ஏரிக்குப் போனோம். ஏரியும் லீவுல இருந்தது. தப்பு ஏரி மேல இல்லை, எனக்கு காலண்டர் பார்க்கத் தெரிஞ்ச அளவுக்கு வானம் பார்க்கத் தெரியலை. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

முதல்ல சஃபாரி மேட்டரை முடிச்சிடுவோம்

சஃபாரின்னா நம்ம மனசுல ஓடுறது டிவியில் பார்த்த படம். மேல் மூடி இல்லாத ஜீப்பு, காக்கித் தொப்பி, புதருக்குள்ளேருந்து எட்டிப் பார்க்கிற புலி. அது வேணும்னா முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர்னு போகணும். சென்னையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ ஒரே பகலில் போய்த் திரும்புற தூரம் இல்லை. போற வழியிலேயே விடிஞ்சு இருட்டிடும். ரெண்டு ராத்திரி தங்கிப் போறவங்களுக்கு அது நல்ல பயணம். ஒரு நாள் லீவு போட்டவங்களுக்கு இல்லை.

பக்கத்துல இருக்கிறது வண்டலூர். 1855-ல் மெட்ராஸ் மியூசியத்தில் ஆரம்பிச்ச மிருகக்காட்சி சாலை, 1985-ல் வண்டலூருக்குக் குடிபோனது. இன்னைக்கு 600 ஹெக்டேர். குழந்தைகளைக் கூட்டிட்டுப் போக அருமையான இடம், செவ்வாய்க்கிழமை மட்டும் போயிடாதீங்க, லீவு. ஆனா அங்க இருக்கிற சிங்கத்துக்கு சோறு நேரத்துக்கு வருது, வேலி இருக்கு. அதைப் பார்த்துட்டு "காட்டுயிர் பார்த்தேன்"னு சொன்னா, கல்யாண மண்டபத்துல சாப்பிட்டுட்டு அறுவடை பார்த்தேன்னு சொல்ற மாதிரி.

கிண்டியில் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் காடு மிச்சம் இருக்கு. நகரத்துக்கு நடுவுல புள்ளிமானும் வெளிமானும் மேயுறது நிஜமாவே ஆச்சரியம்தான். ஆனா அதுக்கு திண்டிவனம் மாமா எதுக்கு, சைதாப்பேட்டையில இறங்கினாலே போதுமே.

அப்போ நம்ம பக்கம் என்ன இருக்கு? ஏரி இருக்கு. மதுராந்தகத்துல ஆரம்பிச்சு விழுப்புரம் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில பஸ்ஸுல போனா ஜன்னல் ரெண்டு பக்கமும் ஏரி, தாங்கல், குளம். நமக்கு இதுதான் காடு. புலிக்குப் பதிலா கூழைக்கடா. நீங்க சிரிக்கலாம். ஆனா இறக்கையை விரிச்சா ஒரு ஆள் உயரத்துக்கு மேல இருக்கிற பறவை தலைக்கு மேல தாழப் பறந்து போகும்போது யாரும் சிரிச்சு நான் பார்த்ததில்லை.

தேதி நீங்க குறிக்கக் கூடாது

பயணம்னா நாம என்ன பண்றோம்? முதல்ல லீவு பார்க்கிறோம், அப்புறம் வண்டி, அப்புறம் இடம். ஏரிக்கு இது அப்படியே தலைகீழ். முதல்ல மழை, அப்புறம் ஏரி, கடைசியாத்தான் உங்க லீவு.

வேடந்தாங்கல் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா இது புரியும். ஏரி சின்னதுதான், சுமார் 30 ஹெக்டேர். ஏரிக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலமும் நிக்குது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினா மரத்தின் இடுப்பு வரைக்கும் தண்ணி. அந்தத் தண்ணிதான் வேலி. பூனை, கீரி, நாய் எதுவும் சுலபமா கூட்டுக்கு வர முடியாது. சுத்துவட்டாரத்து வயலெல்லாம் அப்போதான் நடவு ஆகி நத்தை, தவளை, மீன்னு சாப்பாடு பெருகிக் கிடக்கும். கூடு கட்ட மரம், காவலுக்குத் தண்ணி, குஞ்சுக்கு இரை. மூணும் ஒண்ணு சேர்ற மாசங்கள்தான் சீசன். சாதாரணமா நவம்பரில் ஆரம்பிச்சு பிப்ரவரி, மார்ச் வரைக்கும் போகும். மழை தள்ளிப்போனா அதுவும் தள்ளிப்போகும். மழை பொய்ச்சா பறவையும் பொய்ச்சிடும்.

அதனால அக்டோபரிலேயே "ஜனவரி 15, மொத்தக் குடும்பமும்"னு முடிவு பண்ணாதீங்க. ஏரி நிரம்பிச்சான்னு விசாரிங்க. இப்ப ஈபேர்ட்னு ஒரு ஆப் இருக்கு. எந்த ஏரியில எந்த வாரம் யார் என்ன பறவை பார்த்தாங்கன்னு அவங்கவங்களே போட்டு வைக்கிறாங்க. அதையும் ஒரு பார்வை பார்த்துட்டுக் கிளம்புங்க. எனக்கு மே மாசத்துல இந்த யோசனை வந்திருந்தா தங்கமணிகிட்ட இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருந்திருக்கும்.

நேரமும் அதே மாதிரிதான். பத்து மணிக்கு இட்லி சாப்பிட்டுட்டு மெதுவாப் போனா பாதிப் பறவை இரை தேடப் போயிருக்கும், மீதி பாதி தூங்கி வழியும். விடியக்காலையில போகணும், இல்லைன்னா சாயங்காலம் நாலு மணிக்கு மேல. சூரியன் இறங்கும்போது கூட்டம் கூட்டமா திரும்பி வருமே, அதுதான் காட்சி. கரை மேல நடந்துக்கிட்டே பார்க்கலாம், பார்வைக் கோபுரமும் இருக்கு.

"எல்லாம் ஆஸ்திரேலியாவுல இருந்து வருதுங்க"

கரையில் நின்னா பக்கத்துல ஒருத்தர் குடும்பத்துக்கு விளக்கம் சொல்லிக்கிட்டிருப்பார். எல்லாப் பறவையும் சைபீரியா, ஆஸ்திரேலியாவிலிருந்து விசா வாங்கி வந்ததா சொல்வார். போன முறை நானே அப்படித்தான் சொல்லி வச்சேன்.

உண்மை வேற. மரத்துல கூடு கட்டி குஞ்சு பொரிக்கிற கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் நம்ம துணைக்கண்டத்துச் சொந்தக்காரங்க. தண்ணிக்கும் இரைக்கும் தகுந்த மாதிரி ஊர் மாத்திக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான். வடக்கே குளிர் நாடுகளிலிருந்து நிஜமா வர்றது ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, உள்ளான் மாதிரி ஆட்கள். அவங்க இங்க கூடு கட்டுறதில்லை. குளிர்காலம் முழுக்க சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கிட்டு ஊருக்குத் திரும்பிடுவாங்க.

இதுல என்ன பெரிய வித்தியாசம்னு கேட்கலாம். இருக்கு. விருந்தாளி வரலைன்னா "அவங்களுக்கு வேற வேலை போல"ன்னு விட்டுடலாம். வீட்டுக்காரனே வரலைன்னா வீட்டுல ஏதோ தப்புன்னு அர்த்தம்.

வேலி போட்டது யாரு?

வேடந்தாங்கல் கதையில எனக்குப் பிடிச்ச பகுதி இது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதைப் பொறுக்காம ஊர்க்காரங்க செங்கல்பட்டு கலெக்டர் கிட்டப் போய் நின்னாங்க. 1798-ல் லயனல் ப்ளேஸ், இங்க யாரும் சுடக்கூடாதுன்னு கவுல் எழுதிக் கொடுத்தார். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வர்ற அதே ப்ளேஸ் துரைதான். 1858-ல் அந்தக் கவுலைப் புதுப்பிச்சுக்கிட்டாங்க. 1936-ல் சரணாலயம்னு அங்கீகாரம் கிடைச்சது. வனத்துறை, சட்டம், சுற்றுச்சூழல்னு எந்த வார்த்தையும் புழக்கத்துக்கு வர்றதுக்கு முந்தியே விவசாயிங்க காகிதம் வாங்கி வச்சிட்டாங்க.

வெறும் இரக்கம்னு நினைச்சிடாதீங்க. கணக்கும் தெரிஞ்சவங்க அவங்க. ஆயிரக்கணக்கான பறவையோட எச்சம் விழுந்த தண்ணி வயலுக்குப் பாஞ்சா அது உரத்தண்ணி. பறவை நெல்லுக்கு உதவுது, நெல்லு வயல் பறவைக்கு நத்தை போடுது. சுத்தியிருக்கிற கிராமங்கள்ல தீபாவளிக்குக் கூட வெடி வெடிக்கிறதில்லை. நம்ம வீட்டுப் பிள்ளைங்களை ஒரு மணி நேரம் வெடி இல்லாம இருக்கச் சொல்லிப் பாருங்க, அப்பத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும்.

அந்த ஊருக்கு நாம வண்டியில பாட்டை அலறவிட்டுக்கிட்டுப் போறோம். பறவை பறக்கலைன்னு கையைத் தட்டுறோம், சிலபேர் கல்லெடுத்து வீசுறதையும் பார்த்திருக்கேன். கூட்டுல இருக்கிற தாய் பயந்து எழுந்தா வெயிலோ காகமோ குஞ்சை முடிச்சிடும். உங்க செல்போன் வீடியோவுக்கு ஒரு குஞ்சு விலை. கட்டுபடியாகுமா?

ஒரு நாளைக்கு ரெண்டு ஏரி

ஒரே நாளில் ஐந்து இடம் பார்க்கிற வியாதி நமக்கு நிறைய பேருக்கு இருக்கு. ஏரிக்கு அது ஆகாது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நடுவுல நிழல்.

இந்தப் பக்கத்துக்கு வழி சொல்ற வேலை புதுசு இல்லை. சிறுபாணாற்றுப்படை சொல்ற ஓய்மாநாடு இதுதான். கடற்கரையில் எயிற்பட்டினம், அதாவது நம்ம மரக்காணம்னு அறிஞர்கள் சொல்றாங்க. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்னைக்கு திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கு. போய் வந்தவன் போகாதவனுக்கு ரூட் சொல்றதுதான் ஆற்றுப்படை. என் பங்குக்கு ரெண்டு ரூட்.

சென்னையிலிருந்து வர்றவங்களுக்கு: விடியறதுக்குள்ள கரிக்கிலி. இது 61 ஹெக்டேர், வேடந்தாங்கலுக்குப் பக்கத்துலேயே சுமார் 10 கிலோமீட்டர். கூட்டம் குறைவு, தண்ணியில நீந்துற வாத்துகளைப் பார்க்க நல்லாயிருக்கும். மத்தியானம் கட்டுச்சோறு, புளியஞ்சோறா இருந்தா ஊர்ப் பேருக்கும் பொருத்தம். மூன்றரைக்கு வேடந்தாங்கல். இருட்டினதும் படாளம் வழியா ஜி.எஸ்.டி. ரோடு பிடிச்சா ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு.

விழுப்புரம், திண்டிவனம்காரங்களுக்கு: விடியக்காலை மரக்காணம் பக்கம் கழுவெளி. திண்டிவனத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். வெயில் ஏறினதும் திருவக்கரை. அங்கே ரெண்டு கோடி வருஷத்துக்கு முந்தின மரங்கள் கல்லா மாறிக் கிடக்கு. பறவை தூங்குற நேரத்துல பார்க்க வேற என்ன வேணும், கல்லுக்குக் காலையும் மாலையும் ஒண்ணுதான். சாயங்காலம் புதுச்சேரி எல்லையில் ஊசுட்டேரி. ஏரியில பாதி அவங்களது, பாதி நம்மளது. புதுச்சேரி 2008-ல் தன் பாதியைச் சரணாலயம் ஆக்குச்சு, தமிழ்நாடு 2014-ல். நடுவுல ஆறு வருஷம் வாத்துங்க எந்தப் பக்கம் நீந்துறதுன்னு எப்படி முடிவு பண்ணுச்சோ தெரியலை.

ஒரு விஷயம். வேடந்தாங்கலுக்கு ஏரி நிரம்பி இருக்கணும். கழுவெளிக்கு அப்படி இல்லை. தண்ணி கொஞ்சம் வடிஞ்சு சேறு தெரியும்போதுதான் உள்ளான்களும் பூநாரைகளும் இறங்கி மேயும். நீளக்கால் வச்சிருந்தாலும் நீச்சல் ஆழத்துல அதுங்களுக்கு வேலை இல்லை. ஆக டிசம்பர், ஜனவரிக்கு வேடந்தாங்கல். பிப்ரவரி, மார்ச்சுக்குக் கழுவெளி.

எழுதாதேன்னு சொல்றாங்க

கழுவெளி பத்தி எழுதப் போறேன்னு சொன்னதும் பறவை பார்க்கிற நண்பர் ஒருத்தர் கோச்சுக்கிட்டார். "நீ எழுதுவ, நாப்பது கார் வரும், பிரியாணிப் பொட்டலம் மிதக்கும். அது பாட்டுக்கு இருக்கட்டும், விடுய்யா"ன்னார். அவர் பயம் நியாயமானது. வேடந்தாங்கல்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நின்னு பார்த்தவங்க யாரும் அவரைத் தப்பு சொல்ல முடியாது.

இருந்தாலும் நான் எழுதுறேன். காரணம் இருக்கு.

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுல மழைக்காலத்துல இறங்கியிருக்கீங்களா? அது ஏரி இருந்த இடம். கனமழை பெஞ்சா தண்ணி பழைய விலாசத்தைத் தேடி வந்து நிக்குது. அந்த ஏரியிலயும் ஒரு காலத்துல நாரை நின்னிருக்கும். பஸ் ஸ்டாண்டு வரும்போது "அங்க பறவை வருமே"ன்னு கேட்க ஒருத்தர் இருந்தாரான்னு தெரியலை. பழக்கத்துல இல்லாத ஏரி பார்க்கிறவன் கண்ணுக்குக் காலி மனைதான்.

வேடந்தாங்கலில் ஏரியும் சுற்றி 5 கிலோமீட்டரும் 1998-லிருந்து சரணாலயம். 2020-ல் அந்த 5-ஐ 3 ஆக்கலாம்னு ஒரு யோசனை வந்தது. எத்தனை பேர் குரல் கொடுத்தாங்க! பள்ளிக்கூட வயசுல சுற்றுலா போய் அங்க ஒரு கூழைக்கடாவைப் பார்த்தவங்க எல்லாம் பேசினாங்க. அந்த ஏரிக்கு அத்தனை பேரைத் தெரியும்.

கழுவெளியை அப்படி யாருக்குத் தெரியும்? 5,000 ஹெக்டேருக்கு மேல பரந்து கிடக்கு. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்புன்னு சொல்றாங்க. ஆனா 2021 டிசம்பர் வரைக்கும் அது சரணாலயமே இல்லை. அதுக்குள்ள ஓரமெல்லாம் இறால் பண்ணையும் ஆக்கிரமிப்புமா கடிச்சுத் தின்னாச்சு. ஈர நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-ல் சேர்ந்தது, கழுவெளி 2024 ஆகஸ்டில். பட்டியல்ல பேர் வந்தது சந்தோஷம். ஆனா பட்டியல் மட்டும் காவல் காக்காது. வேடந்தாங்கலைக் காப்பாத்தினது கவுல் இல்லை, கவுலைக் கையில் வச்சுக்கிட்டு ரெண்டு நூற்றாண்டு விடாப்பிடியா நின்ன ஊர்.

இது பறவைக்காக மட்டும் சொல்லலை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் நம்ம தலை மேல வந்து உட்கார்ந்துச்சே, மயிலத்துல ஒரே நாளில் 50 செண்டிமீட்டர் மழை. சுத்துவட்டாரத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிஞ்சு, கடலுக்குப் போறதுக்கு முந்தி வந்து தங்குற பெரிய தொட்டி கழுவெளிதான். அந்தத் தொட்டியைச் சுருக்கினா மிச்சத் தண்ணி எங்க போகும்? பஸ் ஸ்டாண்டுக்கு வந்த மாதிரி நம்ம வாசலுக்குத்தான்.

அதனால போங்க. நாப்பது காரா போகாம நாலு பேரா போங்க. பொட்டலத்தைத் திருப்பி எடுத்துட்டு வாங்க. ட்ரோன் வேண்டாம், பாட்டு வேண்டாம், பளிச்சுனு சட்டை வேண்டாம். ஒரு பைனாகுலர், ஒரு தண்ணி பாட்டில், ரெண்டு மணி நேரப் பொறுமை. ஒரு பறவையோட பேராவது தெரிஞ்சுக்கிட்டு வாங்க. நாளைக்கு யாராவது மண்ணு கொட்ட வந்தா, "அங்க பவளக்கால் உள்ளான் மேயும்"னு பேர் சொல்லிக் கேட்க ஆள் வேணும்.

அடுத்த ஜனவரியில் மச்சானை நானே கூப்பிட்டேன். இந்த முறை ஏரி நிரம்பினது தெரிஞ்ச பிறகுதான் போன் போட்டேன். சாயங்காலம் அஞ்சே கால் இருக்கும். நூத்துக்கணக்குல திரும்பி வர ஆரம்பிச்சது. பாப்பா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தா. புலி, சிங்கம், ஜீப்பு எதையும் கேட்கலை. திரும்பும்போது கார்ல பாதித் தூக்கத்துல ஒண்ணே ஒண்ணு கேட்டா. "மாமா, மே மாசம் இதெல்லாம் எங்க போய் இருந்துச்சு?"

எனக்கு முழுசாப் பதில் தெரியலை. "வேற ஏதோ ஏரிக்குப் போயிருக்கும்டா"ன்னேன். அந்த வேற ஏரி இருக்கணுமேன்னு அப்புறம் ரொம்ப நேரம் யோசிச்சுக்கிட்டே வந்தேன்.

பி.கு: புளியஞ்சோறு தங்கமணி கைவண்ணம். மே மாசத்துக் கணக்கு இதோட தீர்ந்துச்சான்னு கேட்டேன். பாதி தீர்ந்திருக்காம். மீதிக்குப் பிப்ரவரியில் கழுவெளி கூட்டிட்டுப் போகணுமாம்.